நெஞ்சில் குத்திய நம்பர்

அத்தியாயம் 11

போன வாரம் என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்த இடத்தில் விட்டிருந்தேன். பிடித்தவர் லேசில் விடவில்லை. அதனால் ஒரு வாரம் கழித்தும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் டைல்ஸ் கடை மேனேஜர். நாற்பத்திநாலு வயது. எந்தத் தரை வழுக்கும், எது வழுக்காது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் மலையில் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று வாங்கினார். அடுத்த மாதம் ஓடுகிறவர்கள் போடும் ஷூ வந்தது. அதற்கடுத்த மாதம் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே அவரைக் 'கேப்டன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எதற்குக் கேப்டன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் வாயில் அது மரியாதை இல்லை என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

செவ்வாயும் வியாழனும் ஓட்டம். சனிக்கிழமை மலை. ஞாயிற்றுக்கிழமை சமூகம். மூன்றையும் மூன்று நிறப் பேனாவில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். நானும் மகளும் எந்த நிறத்திலும் இல்லை.

சமூகம் என்றால் பூங்காவைச் சுத்தம் செய்வது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் குனிந்து எடுப்பார். ஃபோட்டோ எடுத்தாயிற்றா என்று பார்ப்பார். சரியாக விழவில்லை என்றால் பாட்டிலைத் திரும்பக் கீழே போட்டுவிட்டு, இன்னொரு தரம் குனிவார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கற்பனை இல்லை.

சரி, மைக்குக்கு வருகிறேன். சங்கத்தின் ஆண்டு நாளில் மூன்று நிகழ்ச்சி. மலைச் சைக்கிள் போட்டி, பத்து கிலோமீட்டர் ஓட்டம், சாயங்காலம் பூங்கா. மூன்றையும் முடிப்பவருக்கு 'மும்முனை வீரர்' என்று ஒரு பட்டம் உண்டு. மற்ற வருடங்களில் மலை ஒரு வாரம், ஓட்டம் மறு வாரம். இந்தத் தடவை இரண்டும் ஒரே காலையில் வந்துவிட்டது. மலை ஏழு மணிக்கு, ஓட்டம் எட்டு மணிக்கு. நடுவில் பதினாலு கிலோமீட்டர் தூரம். அதனால் இந்த வருடம் பட்டம் யாருக்கும் இல்லை என்று சங்கக் கூட்டத்தில் செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் எழுந்து போய் மைக்கை வாங்கி, "நான் மூணும் பண்றேன்" என்றார். கை தட்டினார்கள். கை தட்டினால் அவருக்குக் கால் தரையில் நிற்காது.

என் தம்பி அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினான்.

தம்பியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறான். ஒடிசலான உடம்பு, அதிர்ந்து பேச மாட்டான். அத்தான் என்றால் உயிர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பல் பிடுங்கப் போன இடத்தில் வலிக்கு ஓர் ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, மூன்று நாள் மெஷினில் கிடந்து பிழைத்தான். இன்னொரு தரம் அந்த ஊசி ஏறினால் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் பர்ஸில் ஊசியின் பெயர் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. குளிக்கப் போகும்போது தவிர, பர்ஸை விட்டு நகர மாட்டான்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பர்ஸ் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

*

எனக்கு எப்போது என்ன தெரிந்தது என்ற வரிசையில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அன்று காலை ஐந்தரைக்குக் கேப்டன் தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பின்னால் தம்பியே சொன்னது இது. அவர் தன்னுடைய ஓட்ட நம்பரை எடுத்து அவன் பனியனில் நான்கு ஊக்கால் குத்தினார். இருநூற்றுப் பதினெட்டு. துணி மாதிரி இருக்கும் காகிதம் அது. முன்னால் எண், உள்ளே நேரம் பதிகிற ஒரு சின்ன சிப். அந்த நம்பர் முடிவுக் கோட்டைத் தாண்டினால் கேப்டன் தாண்டினதாகக் கம்ப்யூட்டரில் விழும். யார் நெஞ்சில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காது.

"தொப்பியை நல்லா இறக்கிக்கோ. கண்ணாடியைக் கழட்டாத. முன்னால ஓடாத, நடுவுல ஓடு" என்றாராம்.

"யாராவது பேர் கேட்டா, அத்தான்?"

"என் பேரைச் சொல்லு. வயசு நாப்பத்திநாலு. பின்னால எழுதியிருக்கு பாரு, அதை மனப்பாடம் பண்ணிக்கோ."

நம்பரின் பின்பக்கம் அவசரத்துக்கென்று நான்கு வரி எழுதியிருக்கும். பெயர், வயது, ஒவ்வாமை, யாரைக் கூப்பிட வேண்டும். கேப்டன் தன் கையெழுத்தில் பூர்த்தி செய்திருந்தார். ஒவ்வாமை: எதுவும் இல்லை. கூப்பிட வேண்டியவர்: மனைவி. என் நம்பர்.

முப்பது வயதுப் பையன் ஒருத்தன் அறையில் உட்கார்ந்து, அத்தானின் வயதை மனப்பாடம் செய்தான். எந்த வீட்டில் நடக்கும் இந்தக் கூத்து? எங்கள் வீட்டில் நடந்தது.

ஆறு மணிக்குக் கேப்டன் கூடத்துக்கு வந்தபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். துணி வெளுக்கும் கடையில் கவுண்டர் வேலை எனக்கு. ஞாயிறு பாதி நாள் உண்டு. மகள் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, வாய் என்னுடையது.

"ரெண்டு இடத்துல எப்படிப்பா ஒரே நேரத்துல இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"மனசு இருந்தா முடியும்."

"மனசு ஓடும் சரி. கால் எங்கப்பா இருக்கும்?"

"இவளை யாரு இப்படி வளர்த்தது?" என்று என்னைப் பார்த்தார்.

"நான்தான். உங்க தாளில அவளுக்கு நிறம் இல்லையே" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார். நான் குத்தினால் அவருக்கு உறைக்காது. அது அவருடைய பலம் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். தோல் தடிமன் என்று நான் பேசிக்கொள்கிறேன்.

"தம்பி எங்க?" என்றேன்.

"வேடிக்கை பார்க்கப் போறானாம். கிளம்பிட்டான்" என்றார். பொய் சொல்லும்போது ஹெல்மெட் வாரை இறுக்குவார். அன்றைக்கு மூன்று தரம் இறுக்கினார். நான் கவனித்தேன். கேட்கவில்லை. அவர் சொல்கிற பொய்யையெல்லாம் கேட்டு நின்றால் பஸ் போய்விடும்.

*

எட்டு முப்பதுக்கு மேல் கடையில் கூட்டம் சேர்ந்தது. ஓட்டம் முடிகிற மைதானம் கடையிலிருந்து மூன்று தெரு. ஒலிபெருக்கி இரைச்சல் கவுண்டர் வரைக்கும் வந்தது. கோட்டுப் பையில் பேனா கசிந்து, மை பரவிப்போன ஓர் ஆசாமி என்னிடம் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் திரைச்சீலை மூட்டையோடு இரண்டு பெண்கள்.

ஃபோன் வந்தது.

"இருநூத்திப் பதினெட்டாம் நம்பர் உங்க வீட்டுக்காரரா? மைதானத்து மெடிக்கல் டென்ட்லேர்ந்து நர்ஸ் பேசறேன். ஏழாவது கிலோமீட்டர்ல விழுந்துட்டாருங்க. தோள்பட்டை விலகியிருக்கு. நடைபாதை ஓரத்துல தலையும் லேசா இடிச்சிருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பதற்றமே வரவில்லை. மனிதர் மலையையும் முடித்துவிட்டு ஓட்டத்துக்கும் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாயில் வந்ததைச் சொல்கிறவர் ஒருநாளாவது விழத்தானே வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்பு இனித்தது.

"பேசறாரா?" என்றேன்.

"பேசறாரு. வலில கத்தறாரு. வலிக்கு ஒரு ஊசி போடணும். எந்த மருந்தாவது ஒத்துக்காதா அவருக்கு?"

கோட்டு ஆசாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றால், அந்தப் பக்கம் இருப்பவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வியாதி.

"வெட்கம்தாங்க அவருக்கு ஒத்துக்காது" என்றேன். "மருந்துல ஒண்ணும் கிடையாது. எதை வேணா போடுங்க. இருக்கறதுலயே பெரிய ஊசியாப் பார்த்துப் போடுங்க."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். கோட்டு ஆசாமி மையை மறந்து சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை.

"அலர்ஜி எதுவும் இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

ஃபோனை வைத்துவிட்டு, கோட்டுக்கு ரசீது போட்டேன். திரைச்சீலையை எண்ணினேன். பதினொன்று. மனசு நிறைந்திருந்தது. மறுபடி ஃபோன். இந்தத் தரம் படத்தோடு.

கேப்டன். முகமெல்லாம் சேறு, பின்னால் மலை, பக்கத்தில் சைக்கிள். இரண்டு தோளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"பார்த்தியா, முடிச்சிட்டேன்" என்றார்.

"உங்க தோள்பட்டை?"

"தோள்பட்டைக்கு என்ன? ஒண்ணும் ஆகலை. கொஞ்சம் சேறு, அவ்வளவுதான்."

"நீங்க ஓடலையா?"

"மெதுவாப் பேசு. பக்கத்துல ஆள் இருக்காங்க." குரலை இறக்கினார். "ஓட்டத்தை மச்சான் பார்த்துக்கறான். என் நம்பரைக் குடுத்திருக்கேன். வீட்டுக்கு வந்து சொல்றேன், இப்ப எதுவும் கேக்காத."

ஃபோனை அணைத்துவிட்டு, நர்ஸ் கூப்பிட்ட நம்பருக்கு அடித்தேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தேன். அதே.

கவுண்டரைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினேன்.

*

நான் ஓடி இருபது வருடம் இருக்கும். பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டேன், அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். ஓடுகிறவர்களைப் பார்த்து நான் பேசிய பேச்சுக்கு ஒரு கணக்கில்லை. முதல் தெரு முனையில் ஒரு செருப்பு அறுந்தது. இரண்டாவதை நானே உதறினேன்.

மைதானத்துக்குப் போகிற தெரு முழுக்க ஓட்டக்காரர்கள். நான் நடுவில் புகுந்துவிட்டேன். இடுப்பில் கடையின் நீல ஏப்ரன், கையில் ஃபோன், வெறுங்கால். ஓரத்தில் நின்றவர்கள் எனக்குக் கை தட்டினார்கள்.

"சூப்பர்ங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்."

ஓர் அம்மாள் தண்ணீர்க் கோப்பையை நீட்டினார். "வெறுங்காலோட ஓடறாங்க பாரு, இதுதான் மன உறுதி" என்று யாரோ யாருக்கோ எடுத்துச் சொன்னார்கள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும், அதற்கும் மூச்சில்லை. ஓடிக்கொண்டே நம்பரை அடித்தேன். நான்காவது தரம் எடுத்தார்கள்.

"ஊசி போடாதீங்க" என்றேன்.

"யாரு பேசறது?"

"இருநூத்திப் பதினெட்டு. போடாதீங்க. அது அவர் இல்லை."

"போட்டாச்சேம்மா" என்றாள் நர்ஸ்.

டென்டுக்குள் நுழைந்தபோது தம்பியின் முகம் தம்பியின் முகமாக இல்லை. கண் இரண்டும் கோடு. உதடு தடித்து, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அவன் மேல் குனிந்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் தொடையில் அதற்கு மாற்று ஊசியைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மார்பில் அந்த நம்பர் அப்படியே இருந்தது, ஓர் ஊக்கு மட்டும் கழன்று தொங்கியது.

"நீங்க?" என்றார் டாக்டர்.

"அக்கா."

"ஃபோன்ல பேசின மனைவி எங்க?"

"அதுவும் நான்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பல பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்கியது அன்றுதான்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். இவன் என் தம்பி, நம்பர் என் வீட்டுக்காரருடையது, வயது முப்பது, ஊசியின் பெயர் இது, இரண்டு வருடம் முன்னால் இப்படி ஆயிற்று. நர்ஸ் எழுதிக்கொண்டே அழாத குறையாகச் சொன்னாள்.

"நாங்க இவரையும் கேட்டோம்மா. நாப்பத்திநாலு வயசு, அலர்ஜி எதுவும் இல்லைன்னு திருப்பித் திருப்பிச் சொன்னாரு. பார்த்தா வயசு கம்மியாத் தெரியுதேன்னு எனக்கே தோணிச்சு. தலைல அடிபட்டவங்க சொல்றதை நம்பக் கூடாதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அடிபட்டுக் கிடந்தவன் அத்தானுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அடிபடாத நான் நிதானமாக நின்று நையாண்டி செய்தேன்.

*

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். சங்கத்தார் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகளை யாரோ கூட்டி வந்தார்கள். அவள் வந்ததும் வராததுமாக, "அம்மா, மாமாவை நான் பார்த்தேன். அப்பாவோட தொப்பியைப் போட்டுக்கிட்டு ஓடினார். கேட்டேன், உஷ்னு வாயில விரலை வச்சார்" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ஒருத்தரை மட்டும் கூட விடுவார்கள் என்றதும், என்னைக் கேட்காமல் அவளே உள்ளே போய்விட்டாள்.

நான் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டக் டக் என்று சத்தம் கேட்டது. மலைச் சைக்கிள் ஷூவுக்கு அடியில் இரும்பு வைத்திருக்கும். தரையில் நடந்தால் குதிரை வருகிற மாதிரி இருக்கும். குதிரைக்கு நான் இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுப்பேன்.

"எப்படி இருக்கான்?" என்றார் கேப்டன். முகம் வெளுத்திருந்தது. அதை மறைக்கக் கூடாது, சொல்லிவிடுகிறேன்.

"மூச்சு இருக்கு. இன்னும் கண்ணு முழிக்கலை."

உட்கார்ந்தார். முட்டியில் காய்ந்த சேற்றைச் சுரண்டினார். கால் நிமிஷம் சுரண்டியிருப்பார்.

"சங்கத்துல யார்கிட்டயாவது சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"என்னது?"

"இல்லை, நம்பர் விஷயம். டாக்டருக்குத் தெரியலாம், அது வைத்தியத்துக்கு. செயலாளர் வந்துக்கிட்டிருக்கார். அதான் கேட்டேன்."

பதினேழு வருடம் இந்த மனிதரோடு ஒரே கூரையில் இருந்திருக்கிறேன். இதை விடக் கீழே ஒரு படி இருக்காது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவர் அசராமல் அடுத்த படியில் இறங்கி நிற்பார்.

"உங்களால என் தம்பி உள்ள கிடக்கறான். உங்களுக்குப் பட்டம் கேக்குதா?" என்றேன். "ஒரு பாட்டிலை ரெண்டு தரம் பொறுக்கற ஆளுக்கு என்னய்யா மும்முனை? ஒரு முனையாவது உருப்படியா இருக்கா உங்ககிட்ட? அவன் கண்ணு முழிக்கட்டும். ஊரையே கூட்டி வச்சுச் சொல்றேன், யாரு யாருக்கு நம்பரைக் குத்தி விட்டதுன்னு."

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஓர் அட்டையோடு வந்தாள். டென்டில் எழுதின கேஸ் தாள் அதில் செருகியிருந்தது. திருத்தின பெயருக்குக் கீழே கையெழுத்து வேண்டும் என்றாள். அட்டையைக் கேப்டன் வாங்கினார். வாங்கியவர் படித்தார். ரசீது முதல் மருந்துச் சீட்டு வரை எதைக் கொடுத்தாலும் ஓர் எழுத்து விடாமல் படிக்கிற ஆள்.

'ஒவ்வாமை பற்றி மனைவியிடம் ஃபோனில் கேட்கப்பட்டது. எதுவும் இல்லை என்றார். எதை வேண்டுமானாலும் போடச் சொன்னார். நேரம் 8.52.'

அவர் இரண்டாவது தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம் இல்லை. அந்த முகத்தில் வந்தது நிம்மதி. பாரம் சுமந்து வந்த ஆள் பாதியை இறக்கி வைக்க இடம் கண்ட மாதிரி.

"நீ சொன்னியா இதை?" என்றார்.

"உங்களுக்குன்னு நினைச்சுச் சொன்னேன்."

"தெரியும். தெரியாமத்தான் சொன்னே." குரல் மெதுவாக, கனிவாக இருந்தது. டைல்ஸ் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல். "இதை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. மச்சானுக்கும் தெரிய வேணாம். தாங்க மாட்டான் அவன்."

தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"இங்க பாரு. அவசரத்துல என் நம்பரை அவனே எடுத்துக் குத்திக்கிட்டான்னு சொல்லிடலாம். ஆசையில ஓடிட்டான். சின்னப் பையன், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அவன் எடுத்தது நமக்குத் தெரியாது. அப்ப நீ ஃபோன்ல சொன்னதுலயும் தப்பில்லைன்னு ஆயிடும். நான் குடுத்தேன்னு வந்தா, ஒண்ணொண்ணா நோண்டுவாங்க. இந்தத் தாளும் வெளிய வரும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். அதுதான் கேவலம். எழுந்து ஓர் அறை விட்டிருக்க வேண்டும். நான் உட்கார்ந்து, தம்பி கண் விழித்து இந்தத் தாளைப் படிக்கிற காட்சியை யோசித்தேன். 'எதை வேண்டுமானாலும்' என்ற வார்த்தையில் அவன் விரல் நிற்பதை யோசித்தேன். கடையில் மூன்று பேர் சிரித்ததை யோசித்தேன்.

செயலாளர் வந்துவிட்டார். சங்கத்துச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு படிவம். இடி விழுந்தாலும் படிவத்தோடு வருவார். கேப்டனின் தோளைத் தட்டினார், எனக்குக் கை கூப்பினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. விபத்துன்னா இன்னைக்கே எழுதணும்னு விதி. நம்பர் எப்படி மாறிச்சு?"

கேப்டன் தயங்காமல் சொன்னார். "மச்சானுக்கு ரொம்ப நாளா ஓடணும்னு ஆசை சார். பதிவு பண்ண விட்டுட்டான். மேசை மேல இருந்த என் நம்பரைக் கேக்காம எடுத்துக் குத்திக்கிட்டுப் போயிட்டான் போலிருக்கு. எனக்கு மலைக்கு நேரமாச்சு, கவனிக்கலை. நான் ஓட்டத்துக்கு வர முடியாமப் போனதே அதனாலதான்."

கடைசி வரியை அவர் அங்கேயே, அந்த நிமிஷத்தில் சேர்த்தார். பட்டம் போனதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

செயலாளர் எழுதினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வீட்டுல நீங்களும் பார்த்திருப்பீங்க. தம்பியாத்தான் எடுத்துக்கிட்டாரா, அம்மா?"

கேஸ் தாள் கேப்டன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் அவர் கையை வைத்திருந்தார்.

"ஆமா" என்றேன்.

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டு, என்னிடம் கையெழுத்து வாங்கினார். ஓர் எழுத்தும் கோணாமல் போட்டேன். அவர் நடைவழி திரும்பும் வரை கேப்டன் பவ்வியமாக நின்றிருந்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தட்டிக்கொடுத்தார். பல வருடமாக அவர் என் கையைத் தொட்டதில்லை. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. மகள் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா கண்ணு முழிச்சிட்டார். பேசறார். உன்னைத்தான் கேக்கறார்."

நான் எழுந்துகொள்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அத்தானை அக்கா திட்டிடப் போறா, நீ முன்னாடி போய்ச் சொல்லுன்னார். ஊசி விஷயத்தை வாயைத் திறந்து சொல்லாதது தன் தப்புதானாம். வேற யார் மேலயும் தப்பில்லையாம். யாராவது கேட்டா தானே நம்பரை எடுத்துக்கிட்டதாச் சொல்லிடச் சொன்னார். முடியாது மாமா, அம்மா பொய் சொல்ல மாட்டான்னு நான் சொல்லிட்டேம்மா."